மாமன் மாலை

செடெனாக் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் கருப்பாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். கங்காணியே அவளிடம் அளந்துதான் பேசுவான். அப்பேர்ப்பட்டவள், 1933-இல் மகள் தனலெட்சுமியின் கல்யாணத்துக்காக இரண்டு ஆண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு விழி பிதுங்கினாள்.

புருஷன் செல்லப்பன் சுயமரியாதைச் சங்கத்தில் சேர்ந்திருந்தான். "ஐயரும் வேணாம், மந்திரமும் வேணாம். மாலை மாத்தினாப் போதும்," என்றான். அவள் அண்ணன் காளியப்பன் சிம்பாங் ரெங்கம் தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பினான்: "ஐயர் இல்லாத பந்தல்ல என் கால் படாது."

தாய்மாமன் போடுவதுதான் பெண்ணுக்கு முதல் மாலை. அது விழாமல் மகளை எப்படி மணையில் உட்கார வைப்பது? கருப்பாயிக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் இரண்டு பேரும் கெட்டவர்களா? ஐயோ, தங்கமானவர்கள்! செல்லப்பன் கல்யாணத்தில் ஐயர் சாதியைச் சொல்லி இவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி, தாலியை எட்ட நின்று வீசினார். மண்ணில் விழுந்ததைப் பொறுக்கித்தான் அவன் கருப்பாயிக்குக் கட்டினான். இருபது வருஷமாகியும் அந்த மண் அவன் விரலை விட்டுப் போகவில்லை. காளியப்பனுக்கோ வேறு புண். கப்பலில் வரும்போது செத்துப்போன அப்பனை ஒரு சூடம்கூடக் கொளுத்தாமல் கடலில் தள்ளிவிட்டார்கள். தங்கை நேரில் போய்க் கெஞ்சியபோதும் அதையே சொன்னான்: "நாயைப் போடற மாதிரி போட்டாங்க தாயி. மந்திரம் இருந்தாத்தான் நாம மனுசன்."

இவருக்கும் மானம், அவருக்கும் மானம், நடுவில் என் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று வழியெல்லாம் அழுதுகொண்டே திரும்பினாள்.

கல்யாணத்தன்று சங்கத்துத் தலைவர் பேசி முடித்தார். இனி மாலை மாற்ற வேண்டியதுதான். கருப்பாயி வாசலைப் பார்த்தாள். பந்தல் காலுக்கு நாலடி தள்ளி, வெயிலில், கையில் மாலையோடு காளியப்பன் நின்றுகொண்டிருந்தான். மனசு கேட்காமல் வந்துவிட்டான். சொன்ன சொல்லை மீறி உள்ளே வரத்தான் முடியவில்லை.

"ஐயர் வரலேன்னாலும் ஐயரோட ஆளு வந்துட்டாருய்யா!" என்று சங்கத்து ஆள் ஒருவன் சிரித்தான்.

செல்லப்பன் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனான். "உள்ள வாங்க மச்சான். என் வீட்டுக் கல்யாணத்துல யாரும் வெளிய நிக்கக் கூடாது. அதுக்குத்தானே ஐயரே வேணாம்னேன்."

"அப்பனுக்குச் சூடம் கொளுத்துவேன்," என்றான் காளியப்பன், முறைப்பாக.

"கொளுத்துங்க."

தலைவர் முகம் சுளித்தார். காற்றில் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது தடவை செல்லப்பன் தன் துண்டை விரித்து மறைத்துப் பிடித்தான். சூடம் பற்றிக்கொண்டது. மாமன் மாலை மகள் கழுத்தில் விழுந்தது.

"அடப்பாவிகளா, இதுக்கா என்னை ஒரு மாசம் சோறு திங்க விடாம அடிச்சீங்க!" என்று கத்திக்கொண்டே கருப்பாயி ஓவென்று அழுதாள்.