தம்பிக்கு முன்னால் நாலடி இடம்

வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், தம்பியோடு வாசித்த பேண்டு செட்டு ஆட்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் அக்காவின் வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் "அவன்" என்றால் அவள் "அவர்" என்று எழுதிக்கொள்கிறாள். நினைவு மலரில் மரியாதை வேண்டுமாம். இடுப்பில் தூக்கிச் சுமந்த எனக்கு அவன் அவன்தான். இருந்தாலும் அச்சில் தம்பி "அவர்" ஆவதில் எனக்கும் சந்தோஷம்தான்.

தம்பி பிறந்தது திருப்புட்குழியில். எனக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். பிறக்கும்போதே கை நீளம். "இவன் பந்தில குந்தினா எதிர் இலை வடையையும் எடுத்துடுவான்" என்று பிரசவம் பார்த்த அம்மாள் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அந்த அம்மாளுக்கே வடை என்றால் உயிர். அது வேறு கதை.

பிறகு அப்பாவுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் தறி வேலை கிடைத்து, குடும்பமே வந்துவிட்டோம். தம்பியையும் தறியில் உட்கார வைத்தார்கள். முட்டி இடித்தது, முழங்கை இடித்தது, பக்கத்தில் நெய்தவருக்கும் இடித்தது. பத்தொன்பது வயதில் பேண்டு செட்டில் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு டிராம்போன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதன் குழாயைக் கடைசிவரை இழுக்க யாருக்கும் கை எட்டவில்லை. தம்பிக்கு எட்டியது.

அந்த வாத்தியம் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விரலுக்கு அதில் வேலை கிடையாது. குழாயை வெளியே இழுத்தால் சத்தம் இறங்கும். உள்ளே தள்ளினால் ஏறும். மற்றதெல்லாம் உதட்டு வேலை. இறக்கி வாசிக்க வேண்டுமென்றால் குழாய் போய்வர முன்னால் நாலடி இடம் வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் இடம் ஏது? அதனால் டிராம்போனை முன்வரிசையில்தான் நிறுத்துவார்கள். அப்போதும் கூட்டம் நெருக்கும். தம்பி குழாயை உள்ளேயே வைத்துக்கொண்டு மேலேயே ஊதுவார். பாட்டு முடியும் இடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். தம்பி மட்டும் உச்சிக்கு ஏறிப் போவார். ஜனம் விசிலடிக்கும். நான் தண்ணீர்க் குழாயடியில் நின்று, "என் தம்பி மாதிரி மேல ஏத்தற ஆளு ஆற்காடு வரைக்கும் கிடையாதுமா" என்று பெருமை அடித்துக்கொள்வேன்.

நாற்பத்தைந்து வயது வாக்கில் தம்பிக்கு முன்பல் இரண்டு ஆடத் தொடங்கின. உச்சி எட்டவில்லை. அதே சமயத்தில் வாலாஜாவிலிருந்து ஒருவர் செட்டில் வந்து சேர்ந்தார். அவரும் டிராம்போன். ஊதினால் கோபுரத்துப் புறா பறக்கும். செட்டு முதலாளி இருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "முன்வரிசைல ஒருத்தருக்குத்தான் இடம் இருக்குது. வர்ற முகூர்த்தத்துல ரெண்டு பேரும் ஊதுங்க. உச்சிக்குப் போறவரு முன்னாடி. இன்னொருத்தரு ஜால்ரா தட்டிக்கினு வரட்டும்."

இருபத்தாறு வருடம் ஊதியவர் ஜால்ரா தட்டுவதா? தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். காலையில் வாசல் தெளிக்கும்போது ரப்பர் குழாயின் வாயை விரலால் அமுக்கினேன். தண்ணீர் எதிர்வீட்டுச் சுவர்வரை பாய்ந்தது. அட, இதுதானே! வாய் குறுகினால் எட்டிப் பாய்கிறது! தம்பியின் வாத்தியத்தில் உதடு வைக்கும் கிண்ணத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, தெருமுனையில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பாயிடம் ஓடினேன்.

"இதும் உள்ள ஒரு சுத்து ஈயம் வச்சு வாயைக் குறுக்கிக் குடு பாய்."

"அக்கா, அண்டாவுக்குப் பூசுவேன், குண்டாவுக்குப் பூசுவேன். இது மனுசன் மூச்சு வுடற சாமான். இதுல போய்..."

"நீ பூசு பாய். நான் பாத்துக்கறேன்."

பூசிக் கொடுத்தார். தம்பி முதலில் என்னைத் திட்டினார். பிறகு ஊதிப் பார்த்தார். உச்சி வந்துவிட்டது! அதற்கு மேலும் ஒன்று வந்தது. நான் கை தட்டினேன். தெரு நாய் ஊளையிட்டது.

தம்பி மனைவி மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் அதிகம் பேச மாட்டாள்.

"உசரமாத்தான் இருக்குது அண்ணி. ஆனா குக்கர் மாதிரி இருக்குது."

"உனுக்கு இன்னாடி தெரியும்?"

"ஜரிகைய மட்டும் வச்சுப் புடவை நெஞ்சா பளபளன்னுதான் இருக்கும். கட்டறவ இடுப்பு இன்னாவறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பி கிண்ணத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

முகூர்த்தம் வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம், சாயங்கால நேரம். இரண்டு பக்கமும் தறி வீடுகள். பேண்டு வந்தால் அங்கே யாரும் தறியை நிறுத்த மாட்டார்கள், சாமி வந்தால்தான் நிறுத்துவார்கள். வாலாஜாக்காரர் முதலில் ஊதினார். உச்சிக்குப் போய் அங்கேயே நின்றார். விசில் பறந்தது. நான் கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

தம்பி வாத்தியத்தை எடுத்தார். அதே பாட்டுதான். ஆனால் கீழே தொடங்கினார். மெதுவாகத் தொடங்கினார். குழாயைக் கை போகும் மட்டும் வெளியே இழுத்தார். முன்னால் நின்றவர்கள், "யோவ், கண்ணைக் குத்திடப் போறப்பா!" என்று பின்னால் நகர்ந்தார்கள். பாட்டு முழுவதும் நாலைந்து படிக்கு மேல் அவர் ஏறவே இல்லை. முடியும் இடம் வந்தது. இதோ ஏறுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னும் கீழே இறங்கி, இழுத்து, நிறுத்திவிட்டார்.

விசில் வரவில்லை. அந்தப் பக்கத்துத் தறிச் சத்தம் நின்றிருந்தது. ஒரு நெசவாளி வாசலுக்கு வந்து, கையில் ஊடை நூல் ஓட்டும் நாடாவோடு நின்றார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏண்டா, ஈயம் இன்னாடா ஆச்சு?"

"நேத்தே பாய்கிட்டப் போய் உருக்கிட்டேன்கா."

"உருக்கிட்டியா! இடம் போச்சேடா!"

"போனாப் போவுது. அவ்ளோ மேல போனா என்னால பேச முடியலக்கா. கத்தத்தான் முடியுது."

முதலாளி தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்குதுப்பா. ஆனா பார்ட்டிக்கு விசில் வேணுமே" என்றார். முன்வரிசை வாலாஜாக்காரருக்குப் போனது. ஜால்ராவைத் தம்பி கையில் கொடுக்க மட்டும் முதலாளிக்கு மனம் வரவில்லை. டிராம்போனோடு கடைசி வரிசையில் நிறுத்தினார். அங்கே குழாயை இழுத்தால் முன்னால் போகும் கிளாரினெட்காரர் முதுகில் இடிக்கும். அதனால் தம்பி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்துகொண்டே வாசித்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் தம்பி வீட்டுக்குக் குழம்பு அனுப்புகிற நான், அதற்குப் பிறகு அனுப்பவில்லை. அவ்வளவு கோபம்.

இரண்டு வருடம் இருக்கும். ஒருநாள் காலை வாலாஜாக்காரர் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. அவருடைய அம்மா தவறிவிட்டார்.

"நான் வாசிச்சா சாவு வூடு கல்யாண வூடு மாதிரி ஆயிடுதுப்பா. எங்கம்மாவுக்கு நீ வா" என்றார்.

தம்பி சட்டையைக்கூட மாற்றவில்லை. வாத்தியத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். அங்கே பெண்களோடு உட்கார்ந்து ஒப்பாரி சொன்னேன். சாவு வீட்டில் பேண்டு வந்தால் எங்கள் குரல் அமுங்கிப்போகும், உங்களுக்கே தெரியும். அன்று அப்படி ஆகவில்லை. நாங்கள் அழுத குரலுக்கு அடியிலேயே தம்பியின் வாத்தியம் வந்தது. நாங்கள் மூச்சு வாங்க நிறுத்தினால் அதுவும் நின்றது. நாங்கள் மறுபடி எடுத்தால் அதுவும் எடுத்தது. முன்பின் பார்க்காத அந்த அம்மாளுக்காக நான் எங்கள் அம்மாவுக்கு அழுததுபோல அழுதேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சத்தத்தைத்தான் நான் ஈயம் வைத்து அடைக்கப் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைத் தம்பியிடம் சொன்னேன். "இப்பவாவது குழம்பு அனுப்புவியா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு பெண்ணை வழியனுப்பும் வீட்டிலும், சாவு வீட்டிலும், "கடைசில நிக்கறாரே, அவரைக் கூப்பிடுங்க" என்று கேட்பார்கள். முன்வரிசை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாட்களில் மூச்சு குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அந்தக் கிண்ணத்தை மட்டும் கேட்டு வாங்கி, உதட்டில் வைத்து வண்டுபோல ரீங்காரம் செய்வார். நர்ஸம்மா ஓடிவந்து, "இன்னா தாத்தா, மிஷின்தான் கெட்டுப்போச்சுன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தாள். அவளுக்கு என் முதல் நன்றி. கடைசிவரை வாய் ஓயாத என்னையும் பொறுத்து, தம்பியையும் பார்த்துக்கொண்ட அவர் மனைவிக்கு அடுத்த நன்றி. அவள் சொன்ன ஜரிகைப் பேச்சுக்கும் சேர்த்து. காரியம் முடியும்வரை எங்கள் வீட்டுக்கு அண்டா குண்டா எல்லாம் கொண்டுவந்து கொடுத்த பாய்க்கும், தோள் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும் நன்றி.

இன்று வருஷ திதி முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு, நம் வீட்டு வாசலில் வாலாஜாக்காரர் வாசிக்கிறார். அவருடைய வாத்தியம் இல்லை, தம்பியுடையது. உச்சிக்குப் போக மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். விசிலடிக்க நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எல்லோரும் கிட்ட வந்து கேளுங்கள். ஆனால் அவருக்கு முன்னால் மட்டும் நாலடி இடம் விட்டு நில்லுங்கள். நானும் ஒதுங்கித்தான் நிற்கப் போகிறேன்.