ஜெஸ்லினின் காப்பித்தொலி உரமும் இருபத்திமூன்று சாட்சிகளும்

ஜெஸ்லினிடம் உரம் வாங்கியவர்களைவிட, "உங்க செடிக்கு இப்ப உரமே வேண்டாங்க" என்று அவள் சொல்லி அனுப்பியவர்கள்தான் அதிகம். இதை முதலில் கவனித்தவர் அவளுடைய மாமனார் கிறிஸ்துதாஸ். கவனித்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மலைமேல் மஞ்சக்குட்டையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. எஸ்டேட்காரர் சும்மா போட்டு வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி, அதற்குள் நூற்றுப்பத்து மூட்டை உரத்தை அடுக்கி வைத்திருந்தாள் ஜெஸ்லின். எல்லாம் காப்பித்தொலியில் செய்தது. காப்பிப் பழத்தை மிசினில் கொடுத்துக் கொட்டையை எடுத்துவிட்டால் தொலி குன்று குன்றாகக் கழியும். முப்பத்தியோரு வருசம் எஸ்டேட்டில் அந்த மிசினோடு மல்லுக்கட்டின கிறிஸ்துதாஸுக்குத் தொலி என்றால் நாற்றம். மழை வந்தால் ஓடையில் இறங்கித் தண்ணீரைக் கெடுக்கிற சனியன். அவ்வளவுதான்.

மருமகளுக்கு அது வேறாகத் தெரிந்தது. கல்யாணமாகி வந்த முதல் வருசமே தொலியை அள்ளிப் பச்சையாக ரோஜாவுக்குப் போட்டாள். மூன்று செடி கருகிப் போயிற்று. அடுத்த வருசம் சாணமும் சருகும் கலந்து குவித்தாள். உள்ளே கை வைக்க முடியாத சூடு. வாரம் ஒருதடவை புரட்டிப் புரட்டி, நாலு மாதம் கழித்து அள்ளினால் கறுப்பாக, உதிரி உதிரியாக, மழை பெய்த காட்டு மண் மாதிரி வாசம் அடித்தது. இந்த வருசம் வயிற்றில் பிள்ளை. பக்கத்து வீட்டுச் சித்தன் மண்வெட்டியைப் பிடிக்க, இவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அண்ணா, அந்த மூலை இன்னும் வேகலைங்க" என்று சொல்லிச் சொல்லியே அத்தனையும் செய்துவிட்டாள்.

ஈஸ்டர் கழிந்த வாரம் பெண் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து கிறிஸ்துதாஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. குழந்தை கொட்டாவி விட்டால்கூட ரோட்டில் போகிறவரை நிறுத்திச் சொல்வார். "நேத்து என்னையப் பாத்துச் சிரிச்சுதுங்க" என்பார். "வாயுவுங்க அது" என்பாள் அவர் மனைவி மரியசெல்வி.

அந்தச் சந்தோசத்துக்குத்தான் ஒரு கெடு விழுந்திருந்தது. மகன் ஸ்டெபின் ஜீப் ஓட்டுகிறான். ஆளுக்கு ஆள் பைக் வாங்கிவிட்ட பிறகு ஜீப்பில் ஏற ஆள் குறைந்துவிட்டது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிரைவர் வேலை, தங்க வீடும் தருகிறார்கள் என்று வந்தது. ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மூட்டையில பாதியாச்சும் போச்சுன்னா, அதுக்கு லோடு அடிச்சுட்டு நான் இங்கியே இருந்துக்கறனுங்கப்பா," என்றான் ஸ்டெபின். "போகலீன்னா குடும்பத்தோட எறங்க வேண்டியதுதான்."

குடும்பத்தோடு என்ற சொல்லுக்குள் குழந்தையும் இருக்கிறாள் என்பது கிறிஸ்துதாஸுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்த பிறகு அந்த மூட்டைகளை அவர் பார்க்கிற பார்வையே மாறிப்போயிற்று.

மலையில் உரம் வாங்க ஆளில்லை. வாங்குகிறவர்கள் கீழே, சேலத்திலும் ஈரோட்டிலும் கோயமுத்தூரிலும் மொட்டை மாடியில் சட்டி வைத்துச் செடி வளர்க்கிறவர்கள். அவர்கள் எல்லாரும் போனுக்குள் ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள். பேஸ்புக்கில் 'சட்டியும் செடியும்' என்று ஒரு குழு. நாற்பதாயிரம் பேர். கத்தரி காய்க்கவில்லை, மிளகாய் இலை சுருண்டுவிட்டது என்று படம் போட்டுக் கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். அதை நடத்துகிறவர் தீபிகா என்று ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். முதல் விதியே அங்கே இதுதான்: விளம்பரம் செய்கிறவர் உடனே நீக்கப்படுவார்.

ஜெஸ்லின் அந்த விதியைப் படித்துவிட்டே உள்ளே போனாள். ஏனென்றால் அதற்கு முன்னால் வேறொரு குழுவில் சேர்ந்த கையோடு, "தரமான உரம் கிடைக்கும்" என்று போன் நம்பரோடு போட்டு, அரைமணி நேரத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்டிருந்தாள். தள்ளிய பிறகு அவள் அழவில்லை. யோசித்தாள்.

"முன்னப் பின்ன தெரியாத ஊட்டுக்குள்ள பூந்து, வாங்க உக்காருங்கன்னு சொல்றதுக்கு முந்தியே மூட்டைய அவுத்தா யாருங்க மாமா உடுவாங்க?" என்றாள்.

புதுக் குழுவில் அவள் தன் உரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே, ஒற்றை விரலால் மற்றவர்களின் கேள்விக்குப் பதில் எழுதினாள். தெரிந்ததை மட்டும் எழுதினாள். தெரியாததற்கு, "இது எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று எழுதினாள். அதை எழுதவா ஒரு ஆள் என்று கிறிஸ்துதாஸுக்குத் தோன்றும்.

ஒருநாள் கோயமுத்தூர்க்காரர் ஒருவர், தன் தக்காளிக்கு என்ன உரம் போடலாம், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று கேட்டிருந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று கிறிஸ்துதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெஸ்லின் எழுதியதை எட்டிப் பார்த்தார். 'உங்கள் சட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறது. தண்ணீர் நின்று வேர் அழுகுகிறது. ஓட்டையைக் குத்தி விடுங்கள். உரம் எதுவும் வாங்காதீர்கள்.'

"ஏங்கண்ணு, அவரே கேக்கறாரு. நீ வாங்காதீங்கன்னு எழுதற."

"அழுகுன வேருக்கு உரம் போட்டா செத்துப்போகும் மாமா. செத்ததுக்கு நம்ம பேரைத்தானே சொல்லுவாங்க?"

"அதுக்காவ?"

"சந்தைக்குன்னா நாமளா மூட்டையத் தூக்கிட்டுப் போலாமுங்க. இங்க அவங்களே ஊட்டுக்குள்ள கூப்புட்டு உக்கார வெக்கோணும். அதுக்கு நாளாகும்."

நாள்தானே இல்லை என்பது கிறிஸ்துதாஸின் கவலை. மே போய் ஜூன் வந்திருந்தது.

ஆனால் அவள் சொன்னதும் நடந்தது. ஓட்டையைக் குத்தின கோயமுத்தூர்க்காரர் பத்து நாள் கழித்துத் தக்காளிப் படம் போட்டு, "நீங்க உங்க செடிக்கு என்னம்மா போடறீங்க?" என்று அவளைக் கேட்டார். 'நானே செய்கிற காப்பித்தொலி உரம். விற்கவும் செய்கிறேன். ஆனால் இங்கே விற்பனை பேசக்கூடாது என்பது விதி, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்' என்று எழுதினாள். அதைத் தீபிகா டீச்சர் பார்த்தார். மறைக்காமல் சொன்னது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். மூன்று பேருக்கு ஆளுக்கொரு பை இலவசமாக அனுப்பச் சொன்னார். அவர்கள் போட்டுப் பார்த்து நல்லதோ கெட்டதோ குழுவில் எழுதட்டும்; சரியாக இருந்தால் ஆடிப்பட்டத்துக்கு வேண்டுகிறவர்கள் பேரைக் கொடுக்கலாம் என்றார்.

ஜூலை முதல் வாரம் மூன்று பேரும் எழுதினார்கள். ஒருவர், கீரை தளதளவென்று வருகிறது என்றார். இன்னொருவர், பரவாயில்லை என்றார். மூன்றாவது ஈரோட்டுக் கிருஷ்ணம்மாள். "பையைப் பிரித்ததும் புளித்த வாடை அடிக்கிறது. செடிக்குப் போடப் பயமாக இருக்கிறது" என்று எழுதிவிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தடுப்பூசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஜெஸ்லின் அதை அணைத்துக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள். கோயிலுக்குக் கிளம்பும்போது அவள் போனில் இதைப் படித்த கிறிஸ்துதாஸ் விரல் விட்டு எண்ணினார். ஒரு சாட்சி நல்லது, ஒரு சாட்சி அரைகுறை, ஒரு சாட்சி எதிர். இதை வைத்து யார் வாங்குவார்கள்?

கிறிஸ்துதாஸ் அந்தச் சின்னக் கோயிலில் ஜெபமாலை சொல்லிக் கொடுக்கிறவர். அவர் முதல் பாதியைச் சொன்னால் மொத்தச் சனமும் மறுபாதியை ஒரே குரலில் சொல்லும். ஒரு சொல் மாறாது. அப்படிச் சொன்னால்தான் அது ஜெபம். பூசை முடிந்ததும் வாசலில் நின்று எல்லாரையும் கூப்பிட்டார்.

"என்ற மருமவளுக்கு ஒரு சங்கடமுங்க. எல்லாரும் போனை எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

எழுதினார்கள். வழியில் வந்த சித்தனும் சேர்ந்துகொண்டார். சேர்வராயன் கோயில் குகை வாசலைப் படமாக வைத்திருந்தது அவருடைய பேஸ்புக் கணக்கு. "அண்ணனுக்கு ஆபத்துன்னா எந்தச் சாமின்னு பாக்க முடியுமுங்களா," என்று அவரும் எழுதினார். பன்னிரண்டு நிமிசத்துக்குள் இருபத்திமூன்று பேர் குழுவில் சேர்ந்து, இருபத்திமூன்று பேரும் ஒரே வாக்கியத்தைப் போட்டார்கள்: 'ஜெஸ்லினின் உரம் மிக மிக அருமையானது. பயன்படுத்திப் பலன் அடைந்தோம். அனைவரும் வாங்கிப் பயன் பெறுவீர்.'

சாயங்காலம் ஜெஸ்லின் போனை எடுத்தபோது அவள் குழுவில் இல்லை. சாட்சிகளோடு சேர்த்து அவளையும் நீக்கியிருந்தார்கள். 'போலிக் கணக்குகளை வைத்து ஏமாற்றியதால்' என்று காரணம் எழுதியிருந்தது.

"பிள்ளையார் புடிக்கப் போயிக் கொரங்காப் போச்சுங்க," என்றாள் மரியசெல்வி. கிறிஸ்துதாஸ் மருமகள் பக்கம் திரும்பினார்.

"கூட்டமாப் போயிச் சொல்றது தப்புங்களா கண்ணு?" என்று கேட்டார். "நம்மூர்ல ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா எல்லாருந்தானே போயி நிப்போம்?"

ஜெஸ்லின் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இங்க மூஞ்சி தெரியும் மாமா. அங்க தெரியாது. இருவத்திமூணு பேரு ஒரே மாதிரி பேசுனா, ஒரே ஆளு இருவத்திமூணு வேசம் போட்டிருக்கான்னுதான் நெனைப்பாங்க. அதுவுமில்லாம..." குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "பலன் அடைந்தோம்னு எழுதியிருக்கறீங்க. இதுல யாருங்க செடி வெச்சிருக்காங்க?"

யாரும் வைத்திருக்கவில்லை. சித்தன் வீட்டில் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. அது தானாக முளைத்தது.

தீபிகா டீச்சருக்கு அவள் அன்றைக்கே எழுதினாள். எழுதி முடித்து, அனுப்புவதற்கு முன்னால் மாமனாருக்குப் படித்துக் காட்டினாள். அவரைப் பற்றி இருந்ததால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றாள்.

'டீச்சர், அந்த இருபத்திமூன்று பேரும் பொய்யான ஆட்கள் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள். ஆனால் அவர்கள் எழுதியது பொய்தான். ஒருவரும் என் உரத்தைப் போட்டதில்லை. உரம் விற்காவிட்டால் பேத்தி ஊரைவிட்டுப் போய்விடுவாள் என்று என் மாமனார் எழுதச் சொல்லிவிட்டார். அதையெல்லாம் அழித்துவிடுங்கள். என்னைச் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு உதவி மட்டும். கிருஷ்ணம்மாள் அம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது சரி. அந்தப் பையை நான் ஈரம் காய்வதற்குள் கட்டிவிட்டேன், தப்பு என்னுடையது. நிழலில் மூன்று நாள் பரப்பி வைத்து, வாடை போன பிறகு போடச் சொல்லுங்கள். அப்போதும் வாடை இருந்தால் கொட்டிவிடச் சொல்லுங்கள். செடிக்குப் போட வேண்டாம்.'

படித்து முடித்ததும் கிறிஸ்துதாஸ் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். கழுத்தைப் பிடித்துத் தள்ளின பிறகும், தன்னைக் குறை சொன்ன ஒரு அம்மாவின் செடியை நினைக்கிற பெண் அவருக்குப் புதிது. தன் மகன் கட்டி வந்தவள் இவ்வளவு பெரிய ஆள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பேத்தி போயிருவான்னு எழுதியிருக்கறியே, அது இருக்கோணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"நெசந்தானுங்களே மாமா."

"சரி. இருக்கட்டும்."

மறுநாள் தீபிகா அந்தக் கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் குழுவில் போட்டார். கீழே தன் பங்குக்கு, 'ஜெஸ்லினைத் திரும்பச் சேர்க்கிறேன். இருபத்திமூன்று பேரும் வெளியிலேயே இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார்.

"தலைவரு வெளியில நிக்கறாரு, பாவம்," என்றாள் மரியசெல்வி.

கடிதத்தைப் படித்துப் பலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், இதுவும் ஒரு விளம்பரத் தந்திரம் என்று எழுதினார். கிறிஸ்துதாஸுக்குக் கை துறுதுறுத்தது. ஜெஸ்லின் அதற்குப் பதிலே எழுதவில்லை. "அவரு சந்தேகப்படறது நாயந்தானுங்க மாமா. நாம பண்ணி வெச்ச காரியம் அப்பிடி," என்றாள். அந்த ஆளையும் சேர்த்து யாரிடமும் அவள் உரத்தைப் பற்றிப் பேசவில்லை. மழையில் சட்டியை எங்கே நகர்த்துவது என்று யாரோ கேட்டார்கள். அதற்குப் போய்ப் பதில் எழுதினாள்.

நாலாம் நாள் கிருஷ்ணம்மாள், வாடை போய்விட்டது, போட்டிருக்கிறேன் என்று எழுதினார். அப்புறம் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. ஜூலை இருபத்திநாலு. ஸ்டெபின் துணிப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டான். குழந்தையின் தொட்டிலைக் கழற்றி எடுத்துப் போகலாமா, அங்கே வாங்கிக்கொள்ளலாமா என்று பேச்சு வந்தபோது கிறிஸ்துதாஸ் எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் கிருஷ்ணம்மாள் படம் போட்டார். ஒரே அளவுச் சாக்கில் தனித்தனியாக வைத்த இரண்டு புடலங்கொடி. ஒன்றுக்கு அந்த உரம், ஒன்றுக்கு இல்லை. போட்ட கொடி மாடிக் கம்பி தாண்டிப் போயிருந்தது. 'நான்தான் குறை சொன்னேன். நானே கேட்கிறேன். இந்தப் பெண்ணிடம் எங்கே வாங்குவது? டீச்சர், பேர் கொடுக்க ஒரு பக்கம் திறந்து விடுங்கள்' என்று எழுதியிருந்தார்.

திறந்துவிட்டார்கள். இரண்டு நாளில் அறுபத்தெட்டு மூட்டைக்குப் பேர் சேர்ந்தது. தந்திரம் என்று எழுதின ஆளும் அரை மூட்டை கேட்டிருந்தார். 'முழுசாக நம்பவில்லை' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். ஜெஸ்லின் அவருடைய அரை மூட்டையை இரண்டு நாள் கூடுதலாக நிழலில் உலர்த்திக் கட்டினாள்.

ஜீப்பில் மூட்டையை ஏற்றிக்கொண்டு சேலத்துப் பார்சல் ஆபீசுக்குக் குப்பனூர் வழியாக இறங்கினார்கள். ஸ்டெபினுக்குப் பக்கத்தில் கிறிஸ்துதாஸ், கால் வைக்கிற இடத்திலும் ஒரு மூட்டை. அடிவாரம் வந்ததும், வழியில் விட்டுப்போன போன் சிக்னல் திரும்பக் கிடைத்து மணி அடித்தது. திருப்பூர். ஸ்டெபின் வண்டியை ஓரம் கட்டினான்.

"இல்லீங் சார், வர்லீங்க... சம்பளம் காரணமில்லீங்க. இங்க லோடு இருக்குதுங்க... ஆமாங்க, நம்ம ஊட்டு லோடுதானுங்க."

கிறிஸ்துதாஸ் எதிரே இருந்த புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு மகன் திரும்பிப் பார்த்தபோது துண்டால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டார்.

"வண்டிய எடு சாமி," என்றார். "பார்சல் ஆபீசைப் பூட்டிருவாங்க."