யூலையில் எடுத்த காவடி

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு மாமாவுக்கு நான் இன்றுவரை வணக்கம் சொல்வதில்லை. சொந்த மாமா இல்லை. இங்கே எங்கள் சனத்தில் வயது போன ஆண்கள் எல்லோரும் மாமாதான். கறிவேப்பிலை அவருடைய கடையில்தான் பச்சையாக வரும். நான் ரூ பெர்தொனே தெருக் கடைக்குப் போய் வாடினதை வாங்குவேன். அவ்வளவு கோபம். வருடங்கள் போயும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐந்தாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், பெரியப்பா. பெரியப்பா அப்பாவின் தமையன். ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினார். வேலையால் வந்து என் பக்கத்தில் இருந்து, தன் முதலாளி குசினிக்குள் எப்படிக் கத்துவார் என்று பிரெஞ்சு தெரியாமலே பிரெஞ்சில் கத்திக் காட்டுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அவருக்கு ஒரே மகன். அந்த அண்ணாவை நான் படத்தில்தான் பார்த்தேன். வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை. ஒரு காது மற்றதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் அவரைக் காணவில்லை. செத்துப்போனார் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. காணவில்லை என்றால் சந்தையில் தாயின் கையை விட்ட பிள்ளை மாதிரி என்று நான் விளங்கி வைத்திருந்தேன். தேடினால் கிடைக்கும்தானே. பெரிய ஆட்கள் ஒழுங்காகத் தேடவில்லை என்று அதற்கும் எனக்கு ஒரு கோபம் இருந்தது.

பெரியப்பா தேடின விதம் காவடி. ஒவ்வொரு ஆவணியிலும் பிள்ளையார் தேர் லா சப்பல் தெருக்களைச் சுற்றி வரும். தேருக்கு முன்னால் அவர் காவடி எடுப்பார். மகன் வரும்வரைக்கும் ஒரு வருடமும் விடாமல் எடுப்பேன் என்று நேர்த்திக்கடன். மற்ற நாட்களில் அந்தக் காவடி எங்கள் கட்டடத்து நிலவறையில், வெள்ளைத் துணி சுற்றி, பழைய சைக்கிளுக்கு மேலே தொங்கும். துணிக்கு வெளியே ஒரு மயிலிறகு எப்போதும் நீட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டாம் மாடியில் ஒரு அம்மா இருந்தார், மதாம் என்றுதான் கூப்பிடுவோம். குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுக்காரி, கறுப்பினப் பெண். ஆஸ்பத்திரியில் வேலை. பெரிய உடம்பு, பெரிய குரல். எங்கள் தேருக்கு வருடா வருடம் வருவார். காவடி எடுக்கிறவர்களின் காலைத் தார் றோட்டுச் சுடும் என்று எங்கள் சனம் அவர்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றும். ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் போத்தலோடு வந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தத் தீவுச் சனத்துக்கு யூலையில் கார்னவால், தெருவில் ஆடிப் பாடிப் போகும் ஊர்வலம். நகரத்தின் மற்றப் பக்கத்தில் நடக்கும். மதாம் ஒரு மேளக் குழுவோடு போவார். அந்த வருடம் படிக்கட்டில் பெரியப்பாவை மறித்தார். நான்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன்.

"ஆவணியிலை நீங்கள் ஆடுறதைத் தான் வந்து பாக்கிறவவாம். யூலையிலை நீங்கள் தங்களோடை வந்து ஆடுங்கோவாம்."

பெரியப்பா படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவினார். பிறகு, "அங்கை சாமி இருக்கோ எண்டு கேள்," என்றார்.

கேட்டேன். மதாம் சிரித்தார். யாராவது கூட்டிக்கொண்டு வந்தால் இருக்கும் என்றார்.

அதைச் சொன்னேன். பெரியப்பா தலையை ஆட்டினார். "ஓம். நான் வாறன் எண்டு சொல்லு."

இதில்தான் எல்லாம் தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். பெரியப்பா விரதம் பிடித்தார். மச்சம் மாமிசம் விட்டார். நிலத்தில் படுத்தார். வேலையில் இறைச்சித் தட்டுக் கழுவிவிட்டு வந்து, குளித்துத் திருநீறு பூசின பிறகுதான் ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பார்.

அம்மா சொல்லிப் பார்த்தார். "அத்தான், உது அவையின்ரை கொண்டாட்டம். கார்னவாலுக்கு ஆராவது விரதம் பிடிப்பினமோ?"

"அது ஆற்றை கொண்டாட்டம் எண்டு காவடிக்குத் தெரியுமோ?" என்றார் பெரியப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் மெத்ரோ ரயிலில் போனோம். மதாம் தலையில் மஞ்சள் சிறகு, உடம்பெல்லாம் மினுக்கம். பெரியப்பா காவி வேட்டி, வெறும் மேல், வெறுங்கால், தோளில் காவடி. எனக்கு மதாம் தைத்துத் தந்த பச்சைப் பாவாடை. பெட்டியில் இருந்த சனம் எழுந்து எங்களுக்கு இடம் விட்டது. டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். மயிலிறகைத் தொடப் போனார். மதாம் அவருடைய கையைப் பிடித்துவிட்டார். தொடாதே, அது நேர்ந்தது என்றார். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எங்கள் டிக்கெட்டையும் பாராமல் போய்விட்டார்.

கார்னவாலை என்னால் வடிவாகச் சொல்ல முடியாது. அவ்வளவு சனத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. லொறிகளில் பாட்டு. சுட்ட கோழி வாசம். சின்ன உடுப்பும் பெரிய சிறகுமாகப் பெண்கள். அம்மாவின் வயதுப் பெண்கள்கூட அப்படித்தான். ஒருவருக்கும் வெட்கமில்லை. வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. மதாமின் குழு லொறிக்குப் பின்னால் போகிற குழு இல்லை. ஆட்டுத்தோல் மேளக்காரர். அவர்களுக்கு முன்னால் சாட்டையை நிலத்தில் அடித்துக்கொண்டு இரண்டு பேர். பின்னால் கிழவர் ஒருவர் பெரிய சங்கை எடுத்து ஊதினார்.

பெரியப்பா நிமிர்ந்தார். "சங்கு ஊதுறார் பிள்ளை," என்றார். "சாமி இல்லாமலோ சங்கு ஊதுறது?"

பிறகு ஆடத் தொடங்கினார்.

முதலில் மேளம் ஒரு பக்கம், அவர் கால் ஒரு பக்கம். மேளக்காரர்கள் சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பில்லை. ஒரு பையன் அவருடைய காலைப் பார்த்துப் பார்த்து அடியை மாற்றினான். மற்றவர்களும் மாற்றினார்கள். பிறகு ஒன்றாகிவிட்டது. காவடி சுழன்றது. பார்த்துக்கொண்டு நின்ற சனம் கைதட்டினதை நிறுத்திவிட்டது. அது எனக்கு நினைவிருக்கிறது. மற்ற ஆட்டத்துக்கெல்லாம் கத்தினவர்கள் இதற்குச் சத்தமில்லாமல் நின்றார்கள்.

தார் கொதித்தது. பெரியப்பா குதிக்காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். மதாம் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னிடம் இரண்டு போத்தலைத் தந்தார். இந்த நகரத்துத் தெருவோரங்களில் நிற்கும் பச்சைக் குழாய் ஒன்றில் நான் நிரப்பிக் கொண்டு ஓடி வந்தேன். மினுக்க உடுப்போடு குனிந்து அவர் பெரியப்பாவின் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார். முடிய முடிய நான் ஓடினேன். என் பாவாடை முழுக்க நனைந்தது. என் வாழ்க்கையில் அதைவிட முக்கியமான வேலை ஒன்றை நான் செய்ததில்லை.

பெரியப்பாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மேளக்காரரோடு சேர்ந்து அவர்களின் பாட்டைப் பாடுகிறார் என்று நினைத்தேன். சொல் தெரியாமல் பாடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வரும்போது, "பெரியப்பா, நீங்கள் பிழையாப் பாடினீங்கள்," என்றேன்.

"அப்பிடியோ?" என்றார். "அடுத்தமுறை சரியாப் பாடுறன்."

யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். எங்கள் சனத்தின் போன்களில் அது சுற்றியது. சில நாளில் கடைக்கார மாமா இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். தேர்க் காரியங்களை நடத்துகிறவர்களில் அவர் பெரிய ஆள். அம்மா தேநீர் கொடுத்தார். விருந்தாளிக்கு வைக்கிற பிஸ்கட்டை எடுத்து வைத்தார். அந்த பிஸ்கட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரியும்.

மாமா போனை அப்பாவிடம் நீட்டினார். "இது ஆர், தெரியுதோ?"

"அண்ணைதான்," என்றார் அப்பா.

"பக்கத்திலை ஆடுறது ஆர்?"

"தீவுச் சனம்."

"அவளவையின்ரை உடுப்பு எங்கை?"

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "சிறகு கட்டியிருக்கினம்," என்றார். கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் சொன்னார். கூட வந்த இரண்டு பேரும் சிரிப்பை அடக்கத் தேநீரைக் குடித்தார்கள்.

"பகிடி விடாதையுங்கோ அண்ணை," என்றார் மாமா. "முருகன்ரை காவடியைக் கறுவலோடை தெருவிலை கொண்டுபோய் ஆட்டியிருக்கிறியள். சனம் காறித் துப்புது."

அதைச் சொன்னவரின் கை மேசைமேல் இருந்தது. மதாமின் கையைவிட அது வெள்ளையில்லை. நான் பார்த்தேன். உடுப்பைப் பற்றிக் கதைத்தவரின் கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு நடிகையின் கலண்டர் தொங்கியது. அவள் போட்டிருந்த துணியில் மூக்குத் துடைக்க ஒரு கைலேஞ்சிதான் தைக்கலாம். அதையும் நான் பார்த்திருந்தேன். இரண்டும் எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் வேறு ஒன்றுதான் வெளியே வந்தது.

"மதாம் தண்ணி ஊத்தினவ! பெரியப்பாக்குக் கால் சுட்டது, அவதான் ஊத்தினவ! நீங்கள் ஒருத்தரும் வரேல்லை!"

"பெரியாக்கள் கதைக்கேக்கை சின்னப்பிள்ளை வாய் காட்டுறதோ?" என்றார் மாமா. அப்பா என்னை அறைக்குள் போகச் சொன்னார். நான் கதவடியில் நின்றேன்.

இந்த முறை நீங்கள் காவடி எடுக்க வேண்டாம் என்று மாமா சொன்னது கேட்டது. பெரியப்பாவின் குரல் மாறியது. நான் அதற்கு முதல் கேட்டிராத குரல்.

"நேர்த்தி, தம்பி. இடையிலை விடேலாது. நீங்கள் என்ன பிராயச்சித்தம் சொன்னாலும் செய்யிறன். மொட்டை அடிக்கிறன். கடைசியிலை, எல்லாருக்கும் பின்னாலை வாறன். இந்த ஒண்டை மட்டும் மறிக்காதையுங்கோ."

"அடுத்த வருசம் பாப்பம்," என்றார் மாமா. பிறகு பிஸ்கட் கடிக்கிற சத்தம் கேட்டது.

அவர்கள் போனபின் நான் அழுதேன். பெரியப்பா பக்கத்தில் வந்து இருந்தார். முதலாளி மாதிரிக் கத்திக் காட்டவில்லை. "விடு பிள்ளை," என்றார். அவ்வளவுதான்.

தேர் நாள் வந்தது. பெரியப்பா அதற்கும் விரதம் பிடித்திருந்தார். வேட்டி கட்டி, வெறுங்காலோடு, நடைபாதை ஓரத்தில் நின்றார். தோள் வெறுமையாக இருந்தது. காவடி நிலவறையில் கிடந்தது. காவடிக்குப் பதில் கையில் தண்ணீர்ப் போத்தல். காவடிகள் ஒவ்வொன்றாக வர, ஒவ்வொருவரின் காலுக்கும் ஊற்றினார். மதாமும் ஊற்றினார். நான் பச்சைக் குழாய்க்கும் அவர்களுக்கும் நடுவில் ஓடினேன். இந்த முறை சந்தோசமாக ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

தேருக்கு முன்னால் கடைக்கார மாமா வந்தார். பட்டு வேட்டி. அவருக்கும் வெறுங்கால்தான். பழக்கமில்லாத கால். தாரில் கொக்கு மாதிரி மாறி மாறி நின்றார். எனக்குச் சந்தோசம் வந்தது. நல்லா வேகட்டும் என்று நினைத்தேன்.

பெரியப்பா இறங்கிப் போனார். குனிந்தார். மாமாவின் காலில் தண்ணீரை ஊற்றினார். மெதுவாக, இரண்டு காலுக்கும்.

மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் காலை எடுக்கவில்லை.

போத்தல் முடிந்தது. பெரியப்பா திரும்பிப் பாராமலே கையை என் பக்கம் நீட்டினார். நான் நிரப்பின போத்தலை என் முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.

"தா பிள்ளை."

"தரமாட்டன். அந்தாளுக்குத் தரமாட்டன்."

மதாம் தன் போத்தலைக் கொடுத்தார். அவரிலும் எனக்குக் கோபம் வந்தது. முழு உலகத்திலும் வந்தது. பெரியப்பா ஊற்றினார். அப்போது கிட்ட நின்றதால் பார்த்தேன். அவருடைய உதடு அசைந்தது. கார்னவாலில் அசைந்த அதே மாதிரி. இங்கே தீவுப் பாட்டு இல்லை, மேளமும் நாதஸ்வரமும்தான். என்ன பாடுகிறார் என்று நானும் குனிந்து காதைக் கிட்டக் கொண்டு போனேன்.

பாட்டில்லை. அண்ணாவின் பெயர். முன்னும் பின்னும் ஒரு சொல் இல்லை. தண்ணீர் விழ விழ அந்தப் பெயர் மட்டும்.

அண்ணாவின் பெயரைக் கொண்டுபோய் ஏன் அந்தாளின் காலடியில் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.