மாமாவின் சொல்

யுத்த காலத்தில் வந்த அந்தப் படத்தில் நான்தான் வில்லன். ஒவ்வொருவரையும் கழுத்தை நெரிப்பதற்கு முன்னால் தோளைத் தொட்டுக் குழைவாக, "நான் இருக்கேன்ல" என்பேன். கொட்டகையில் பெண்கள் என்னை மண்ணை வாரித் தூற்றினார்கள். அந்த ஒரு வரிதான் அடுத்தடுத்து எனக்குப் படங்களை வாங்கித் தந்தது.

அந்த வரி வசனம் எழுதியவருடையது அல்ல. கடலூர் முதுநகரில் இருந்த என் தாய்மாமாவுடையது. நோய் கண்ட வீடோ, இழவு வீடோ, எங்கே போனாலும் அவர் தோளைத் தொட்டுச் சொல்லும் ஆறுதல் அதுதான். குரலைக்கூட மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படம் முதுநகருக்கு வந்த பிறகு, ஒரு சாவு வீட்டில் மாமா அதைச் சொன்னாராம். அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்களாம். அதைக் கேட்டு நானும் சிரித்தேன், பாவி.

சிதம்பரத்தில் என் அம்மா இறந்தபோது மாமா முதல் ரயிலிலேயே வந்துவிட்டார். தங்கையின் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு, என்னிடம் வந்து தோளைத் தொட்டார்.

"நான்..." என்று தொடங்கியவர், சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"ரயில்ல கூட்டம் ஜாஸ்தி, மாப்ள" என்றார்.