கல்பகத்தின் மூன்றாவது பதில்

கணினித் திரையில் ஓடும் கோப்பைக் கல்பகம் வாய்விட்டுத்தான் படிப்பார். "பேரு துரைராஜ். வயசு அறுவத்திரெண்டு. ரத்தம் ஓ பாசிட்டிவ். அலர்ஜி..." அங்கே நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "காலி" என்பார். ஹைதராபாத் கச்சிபௌலியில் எங்கள் அலுவலகம் ஆறாவது மாடி. அவருக்கு அடுத்த நாற்காலி என்னுடையது.

ஐம்பது வயது. பிரிட்டிஷ் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழில் தொடங்கும் பேச்சு பாதி நேரம், 'வேண்டாம்' என்பதற்கு அந்த ஊர் உருதுவில் சொல்லும் 'நக்கோ'வில் போய் நிற்கும். லிஃப்டில் ஏறமாட்டார். ஒருநாள் ஐந்தாவது மாடியில் நின்றுகொண்டு அது ஆறு என்று காட்டியதாம். அன்றிலிருந்து படிதான்.

வெறும் எழுத்தாக வந்து விழும் தகவலை இனம் பிரித்து கணினி நிரலுக்குள் உட்கார வைப்பது அவர் தொழில். தேதிக்கான இடத்தில் தேதி, எண்ணுக்கான இடத்தில் எண். பொருந்தாததை நிரல் வாசலிலேயே மறித்துவிட வேண்டும். "உள்ள விட்டுட்டு அப்புறம் அழுது என்ன பிரயோஜனம்?"

போன மார்ச்சில் ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளின் பதிவுகளைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலையை எங்களிடம் கொடுத்தது. மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு அலர்ஜி என்ற இடம் காலியாக வந்தது. புதிய திரைக்குத் தெரிந்தவை இரண்டே பதில்கள்: உண்டு, இல்லை. திங்கட்கிழமை புதிய கணினியின் திறப்பு. அதற்கு முந்தைய வியாழனன்று எங்கள் மேலாளர் வெங்கடராமன் வந்து நின்றார்.

"ஒரே ஒரு வரி, மேடம். காலியா இருந்தா 'இல்லை'ன்னு எடுத்துக்கச் சொல்லிடுங்க."

"நக்கோ வெங்கட். இவங்கள யாரும் கேக்கவே இல்ல. கேக்காதது எப்படி 'இல்லை' ஆகும்?"

"ஆஸ்பத்திரிக்காரங்களே சரின்னுட்டாங்க."

"ஹவ்? ஆமான்னுட்டாங்களா? அப்ப கையெழுத்துப் போடட்டும்."

மூவாயிரம் பெயர்களையும் பட்டியலிட்டு, மேலே ஒரு வரி எழுதினார்: 'இவர்களில் ஒருவருக்கும் அலர்ஜி இல்லை என்று நான் உறுதி சொல்கிறேன்.' மருத்துவமனை அதிகாரிக்கு அனுப்பினார், வெங்கடராமனுக்கும் அனுப்பினார். வெள்ளி மாலைவரை யாரும் கையெழுத்திடவில்லை. தொலைபேசியில் அந்த அதிகாரி கத்தியது என் நாற்காலிவரை கேட்டது. "வேணும்னா என்னை வேலைய விட்டுத் தூக்கச் சொல்லுங்க. அந்த வரிய மட்டும் நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கல்பகம் இணைப்பைத் துண்டித்தார். விசைப்பலகையை இழுத்து மூன்றாவது பதிலை எழுதத் தொடங்கினார்: 'கேட்கவில்லை.' அந்தப் பதிலுக்கு என்ன செய்வது என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்லாவிட்டால் நிரல் ஓடாதபடி கட்டினார். பிறகு யார் வந்தாலும் அதை ஓசைப்படாமல் தள்ளிவிட முடியாது.

திறப்பு இரண்டு நாள் தள்ளிப்போனது. திரையில் மஞ்சளாக 'கேட்கவில்லை' தெரிந்த நோயாளிகளை நர்ஸுகள் கேட்டார்கள். முதல் வாரத்திலேயே இருபத்தொன்பது பேர் "உண்டு" என்றார்கள். அவர்களில் ஒருத்தி பென்சிலின் ஆகாத பெண். நர்ஸ் கேட்ட அன்று காலை அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவள். சேதியை நான்தான் சொன்னேன். கல்பகம் மிச்சப் பட்டியலைத் திரையில் திறந்தார். "மிச்சம் இருக்கிறவங்களையும் சீக்கிரம் கேக்கச் சொல்லு" என்றார்.

ஏப்ரலில் ஆண்டு மதிப்பீடு வந்தது. வெங்கடராமன் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினார். ஒத்துழைப்பு: ஐந்துக்கு இரண்டு. "மேலிடத்து முடிவு, மேடம்" என்றார். கல்பகம் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். தாளை அவர் பக்கம் திருப்பி, தன் பெயருக்குப் பதிலாக 'கல்பனா' என்று அச்சாகியிருந்த இடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, திருத்துவதற்கு மறு கையால் பேனாவை நீட்டினார்.