சந்தியில் நின்ற வெண்கல அக்கா

எங்கள் கடைவீதிச் சந்தியில், பொகவந்தலாவை பஸ் நிற்கும் இடத்தில், தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நிற்கும் வெண்கலப் பெண் என் அக்காதான். ஊரின் பெருமையைச் சொல்ல ஒரு சிலை வேண்டும் என்று பட்டினசபையார் கேட்டார்களாம். கொழும்பிலிருந்து வந்த சிற்பி, கொழுந்து மலையில் ஐந்து நாள் அவளை நிற்கவைத்து, களிமண்ணில் உருப்பிடித்துக்கொண்டு போனார்.

சிலை வந்த முதல் வெள்ளிக்கிழமையே தோட்டத்து லய வரிசைவீட்டுப் பெண்கள் அதற்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, கற்பூரமும் கொளுத்திவிட்டார்கள். சந்தியில் பெண் சிலை நின்றால் மாரியம்மன்தானே! அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"உசுரோட இருக்கிறவளுக்கு யாருடி மாலை போடுவாங்க? ஏதோ கெட்டது வரப்போகுது."

நான் சிரித்தேன். ஆனால் அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அக்காவின் பிரஜாவுரிமை மனு அப்போது விசாரணைக்கு வந்திருந்தது. லயத்தில் பிறந்தவள், பிறப்புப் பத்திரம் கிடையாது. மனு தள்ளுபடியானால் அவள் இந்த நாட்டுக்காரி இல்லை. கண்ணால் காணாத இந்தியாவுக்கு என்றைக்கு வேண்டுமானாலும் கப்பலேற்றிவிடலாம். எங்கள் லயத்தில் அதுவரை ஒருவருக்கும் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை.

விசாரணைக்குத் துணையாக நானும் போனேன். இந்த ஊர்க்காரி என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா?

"சந்தியில வந்து பாருங்க ஐயா. இந்த ஊர்க்காரி இல்லேன்னா சிலை வெப்பாங்களா?"

அக்கா பின்னேர வேலைக்கு மலைக்கு ஓடிவிட்டாள். சாப்பாட்டுக்குப் போகும் வழியில் அதிகாரி தன் கிளாக்கரோடு நிஜமாகவே சந்தியில் நின்றார்; நானும் பின்னாலேயே போயிருந்தேன். சிலையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. குனிந்து, பீடத்தில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை வாசித்தார். எங்களில் யாரும் அதை வாசித்ததில்லை. வாசிக்கத் தெரிந்தால்தானே! அவர் அதை அப்படியே பைலில் எழுதிக்கொண்டார்.

"என்னங்க போட்டிருக்கு?" என்று கிளாக்கரிடம் கேட்டேன்.

"இந்தியாவிலிருந்து வந்து எங்கள் ஊரை வளர்த்த விருந்தாளிகளுக்கு நன்றி." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "விருந்தாளிக்கு வீடு சொந்தமில்லையே என்கிறார் ஐயா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அக்கா.

சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும் அக்கா கேட்டாள். "ஐயா சிலையப் பாத்தாராடி? என்ன சொன்னாரு?"

"ரொம்ப அழகா இருக்குன்னாரு."

"அப்ப குடுத்துருவாங்க," என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அதன்பிறகு தபால்காரர் லயத்துப் பக்கம் வரும்போதெல்லாம் அக்காதான் முதலில் ஓடுவாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.