சுவரோரம் நின்றவனின் முகம்

வளைகுடாவில், அல் கூஸ் என்ற இடத்தில் நான் படச்சட்டம் அடித்த பட்டறையில் ஓர் ஓவியர் இருந்தார். பிரஷ்ஷை உதட்டில் வைத்துத்தான் கூராக்குவார். வாயில் ஒட்டிய பெயிண்டைத் தான் குடித்த டீ கிளாஸிலேயே துப்புவார். பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெருக்களை, ஓட்டல்களில் மாட்ட, பழைய படத்தைப் பார்த்து வரைவது அவர் வேலை. மீன்காரி, குடிகாரன், நாய் என்று சந்தை இரைச்சல் காதில் விழுகிற மாதிரி வரைவார். முகங்கள் மட்டும் நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப் ஆட்களுடையவை.

ஒருநாள் அளவெடுக்கக் குனிந்தேன். மாதா கோயில் சுவரில் மூத்திரம் பெய்கிறவனுக்கு என் முகம்! எந்தச் சாமியானால் என்ன, கோயில் கோயில்தானே. உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"என்னய்யா இது? திருநீறு பூசாம பச்சத்தண்ணி குடிக்காதவன்யா நான்!"

"பழைய படத்துலயே அவன் நிக்கிறான்ணே. அவனுக்கும் ஒரு மூஞ்சி வேணும்ல?"

"அதுக்கு என் மூஞ்சிதான் கிடைச்சுதா?"

"அப்பாவி மூஞ்சியா தேடினேன்," என்று சிரித்தார்.

"இதை அழிக்காம நான் சட்டம் அடிக்க மாட்டேன்."

மறுநாள் டெலிவரி. அவர் வாதாடவில்லை. ஈரம் காயாத என் முகத்தைத் துணியால் துடைத்தார். சவரக் கண்ணாடியைப் பக்கத்தில் நிறுத்தி, அந்த உடம்புக்குத் தன் முகத்தையே வரைந்தார். மூக்கைக்கூட அழகாக்கிக்கொள்ளவில்லை.

"கலாஸ், முடிஞ்சுது. சட்டத்த அடிங்கண்ணே," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் ஒரு நொடி நிற்கக் கூசிய இடத்தில் அந்த மனிதர் காலத்துக்கும் நிற்கிறார். அது வெட்கமில்லாத்தனமா, பெரிய மனசா? முருகனுக்குத்தான் தெரியும்.